கையுறை போட்ட ஆறு மாதம்

விலை உயர்ந்த பொருள் விற்கிற கடையில் வேலை பார்ப்பதற்கு முதல் தகுதி, அங்கே இருக்கிற எதையும் வாங்க முடியாதவராக இருப்பது. இரண்டாவது தகுதி, அது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

முதல் தகுதி எனக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆறு மாதம் ஆனது. நாள் முழுக்க நின்றே சம்பாதிக்கிற என் சக பாவிகளே, நீங்கள் நிற்பது துணிக்கடையோ, நகைக்கடையோ, செல்போன் கடையோ, எதுவாக இருந்தாலும் இதைப் படிக்கிற நேரத்திலாவது ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நம்மில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டோம்.

நேரு வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் பதினொரு வருஷம் இருந்தேன். விரித்த சேலைகளையெல்லாம் மடித்து வைத்துவிட்டுத் தவளக்குப்பம் வீட்டுக்குப் போய்ச் சேரப் பத்தரை மணி ஆகும். என் மகள் யாழினி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் விழித்திருக்கும்போது நான் அவளைப் பார்த்தது காலையில் ஒரு மணி நேரம்தான். அதிலும் பாதி நேரம் தலை பின்னிவிடுவதால் பின்பக்கமாகத்தான் பார்த்தேன். அப்போதுதான் கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடொன்றில் இயங்கும் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். தோல் பை, லினன் உடை, பட்டு ஸ்கார்ஃப், காலணி எல்லாம் விற்கிற கடை. மாலை ஏழு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள் என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விண்ணப்பம் போட்டேன்.

வேலை கிடைத்தது, ஆனால் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் கம்பெனி அனுப்புகிற ஓர் ஆள் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வந்து, நம்மைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போவார். யார், எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர் எழுதுகிற அறிக்கையைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரம். பழைய முதலாளியோ "போனா போனதுதான்" என்று சொல்லியே அனுப்பியிருந்தார். இதில் தவறினால் இன்னொரு ஜவுளிக்கடை, மறுபடி பத்தரை மணி, மறுபடி மகளின் பின்னந்தலை.

கடையில் மொத்தம் மூன்று பேர். மேனேஜர் மதாம் ஜோஸ்லின், பாரீசில் இதே தொழிலில் முப்பத்து மூன்று வருஷம் நின்றுவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர். மூக்கு நுனியில் கண்ணாடி, காலில் எப்போதும் குதிகால் உயர்ந்த கறுப்புக் காலணி. அடுத்து சேவியர், குருசுக்குப்பத்துக்காரர், எனக்கு இரண்டு வருஷம் சீனியர். பிரெஞ்சு, இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் என்னைக் கிண்டல் செய்யத் தெரிந்தவர். மூன்றாவது, பத்மாவாகிய நான்.

வாசலில் ஒரு கடத்தல்

ஜவுளிக்கடையில் தெருவில் போகிறவரைக்கூட விடக்கூடாது. "வாங்கக்கா, வாங்கண்ணா, பட்டா காட்டனா, மாடிக்குப் போங்க" என்று உள்ளே தள்ளிவிட வேண்டும். புதுக் கடையில் எல்லாம் தலைகீழ். உள்ளே வந்தவர் ஒரு சுற்றுப் பார்த்து மூச்சு விடும்வரை நாம் அங்கே இருப்பதே தெரியக்கூடாது. பிறகு ஒரு போன்ஜூர், ஒரு வணக்கம், உடனே இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். மதாம் இதை எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

முதல் நாள் பத்தரை மணிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்கள் வாசலுக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தார். பதினொரு வருஷப் பழக்கம், கால் தானாக ஓடியது. "வாங்கக்கா வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து, சோபாவில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூன்று பைகளை எடுத்து மடியில் வைத்துவிட்டேன். அவர் மிரண்டுபோய்த் தன் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் மாடியில் படர்ந்திருக்கிற காகிதப்பூவைப் படம் எடுக்க நின்றாராம். மதாம் அவரிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பத்மா, அவங்க கடைக்கு வரல. நீ கடத்திட்டு வந்திருக்க."

பறந்த பட்டு

சேலை விற்றவர்களுக்குத் தெரியும், மடிப்பின் ஒரு முனையை இடது கையில் பிடித்து வலது கையால் வீசினால், சேலை காற்றில் ஓர் அலை அடித்து மேடையில் போய் விரியும். பார்க்கிறவருக்குப் பாதி ஆசை அந்த வீச்சிலேயே வந்துவிடும். பட்டுப் பிரிவில் என் வீச்சுக்கு ஒரு பேரே உண்டு.

சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மனைவி பட்டு ஸ்கார்ஃப் கேட்டார். விதிப்படி வெள்ளைக் கையுறை போட்டு, தட்டில் வைத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கையுறையெல்லாம் சரியாகப் போட்டேன். அதற்குப் பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை. வீசினேன். ஆறு கெஜம் இருக்கும் என்று நினைத்து வீசிய வீச்சு அது. ஸ்கார்ஃப் ஒரு கெஜம்கூட இல்லை. நேராக மேலே போய், கூரையிலிருந்து தொங்குகிற பெரிய கண்ணாடி விளக்கில் உட்கார்ந்துகொண்டது. அந்த ஸ்கார்ஃபின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

சேவியர் ஏணி எடுத்துவந்து, ஏறி, ஒரு நூல் இழுபடாமல் எடுத்துக்கொடுக்கும்வரை நான் வேண்டாத சாமி இல்லை. அந்த மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் மட்டும் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"இதே மாதிரி இன்னும் நாலு கலர் வீசிக் காட்டுங்களேன்."

விலை சொல்லும் வாய்

விலைச் சீட்டை எங்கள் கடையில் பைக்குள்ளே, உள் பாக்கெட்டில் மறைத்து வைத்திருப்போம். வாடிக்கையாளர் கேட்டால், அவர் கண்ணைப் பார்த்து, எச்சில் விழுங்காமல், மணி என்ன என்று சொல்கிற மாதிரி விலையைச் சொல்ல வேண்டும். 'மட்டும்தான்' என்று சேர்க்கக்கூடாது. குரல் கடைசியில் தாழக்கூடாது. இதற்காக வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று "ஒண்ணே முக்கால் லட்சம், ஒண்ணே முக்கால் லட்சம்" என்று பழகினேன். சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்றார்.

கடையில் ஒரு பை புதிதாக வந்த அன்றே ஒரு பெண் டாக்டர் அதைக் கையில் எடுத்து விலை கேட்டார். நானே இன்னும் சீட்டைப் பார்த்திருக்கவில்லை. உள்ளே கைவிட்டு எடுத்துப் பார்த்தேன். எச்சில் விழுங்கவில்லை, குரல் தாழவில்லை. ஆனால் விலைக்கு முன்னால் "யம்மாடி!" என்று ஒன்று வெளியே வந்துவிட்டது. டாக்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்லைங்க. நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க."

ஜிப்பு

ஒரு பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவர் ரவிக்கை அளவைச் சொல்லிவிடுவேன். தவறவே தவறாது. இந்தத் திறமை புதுக் கடையில் உதவும் என்று நம்பியது என் தப்பு.

ஜூலை மாதம் பிரான்சிலிருந்து நம் ஊர்க் குடும்பங்கள் விடுமுறைக்கு வந்து இறங்கும். அப்படி வந்த ஓர் அம்மாள், அக்கா பேத்தி கல்யாண வரவேற்புக்கு ஒரு லினன் கவுன் கேட்டார். பார்த்தேன், முப்பத்தாறு. ஓடிப்போய் முப்பத்தாறு என்று எழுதியிருந்ததை எடுத்துக்கொடுத்தேன். எங்கள் உடைகளில் இருப்பது பிரெஞ்சு அளவு, அங்கே முப்பத்தாறு என்பது ஒல்லிக்குச்சிப் பெண்களுக்கானது, இவருக்கு நாற்பதாவது வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவரும் ஆசையாக எண்ணைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, உள்ளே போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். கவுன் பாதியில் நின்றிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான் ஒரு பக்கம், மதாம் ஒரு பக்கம் பிடித்து, "மூச்சை உள்ள இழுங்க, இப்ப விடுங்க" என்று பிரசவம் பார்க்கிற மாதிரி போராடி அவரை வெளியே எடுத்தோம். கவுனுக்குச் சேதம் இல்லை. அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, ஜிப்பின் தடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தையல்காரன் பிளவுஸ கெடுத்திருக்கான், பாத்திருக்கேன். ஒரு கவுனு என்னைய அரெஸ்ட் பண்ணி இப்பதான் பாக்கறேன்."

புதன்கிழமை முசியே

ஒவ்வொரு புதன்கிழமையும் பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் வருவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற நம்மூர்க்காரர். கோட்டு, தொப்பி, கைத்தடி. 'ஐயா' என்பதற்குப் பதில் 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். சோபாவில் உட்கார்ந்து, "அந்த பெல்ட்ட காட்டும்மா" என்பார். கையுறை போட்டுத் தட்டில் வைத்துக் காட்டுவேன். வளைத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், என் பேரைக் கேட்பார், ஊரைக் கேட்பார். ஒரு மணி ஆனதும் "மெர்சி" என்று நன்றி சொல்லி எழுந்து போய்விடுவார்.

பேர் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இவர்தான் கம்பெனி அனுப்பிய ஆள். நம் பொறுமையைச் சோதிக்கிறார். ஆறு புதன்கிழமை அவரை மாப்பிள்ளை மாதிரி கவனித்தேன். தண்ணீர், காப்பி, தொப்பி வைக்கத் தனியாக ஒரு ஸ்டூல். அவர் எந்த ஊர் முகாமில் எத்தனை நாள் இருந்தார், அங்கே ரொட்டி எப்படி இருந்தது என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. ஏழாவது வாரம் பொறுக்க முடியாமல், "முசியே, இந்த பெல்ட்டையே பெட்டியில போட்டுடட்டுமா?" என்று கேட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெல்ட்டு எங்கிட்ட ஏழு இருக்குதும்மா. புதன்கெழம ஆனா எங்க வூட்டம்மா சீட்டாட ஆளுங்கள கூப்புட்டுக்குறா, எனக்குத்தான் ஒக்கார எடமில்ல."

சனி, ஞாயிறு

வார இறுதியில் பெங்களூரிலிருந்து இளம் பெண்கள் கூட்டமாக வருவார்கள். ஆளுக்கு நான்கு உடை எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அவற்றோடு கண்ணாடி முன், ஜன்னல் ஓரம், மாடிப்படி என்று ஓர் இடம் விடாமல் வீடியோ எடுப்பார்கள். பிறகு "திங்க் பண்ணிட்டு வர்றோம்" என்று போய்விடுவார்கள். இந்தக் கலையை நான் குறை சொல்ல மாட்டேன். நாமும் ஜவுளிக்கடையில் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தானே. ஒருத்தி போட்டிருந்த உடையின் பின்பக்கம் ஊக்கு மாட்டாமல் இருந்தது. உதவலாம் என்று பின்னால் போய் நின்றேன்.

"ஆன்ட்டி, நீங்க ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

சேவியரின் அடையாளங்கள்

நான்கு மாதம் ஓடியும் சோதிக்கிற ஆள் வரவில்லை, அல்லது வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. சேவியர் தன் அனுபவத்திலிருந்து எனக்கு அடையாளங்கள் சொல்லிக்கொடுத்தார். தனியாக வருவார். உள்ளே நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். உன் பேரைக் கேட்பார். பாத்ரூம் சுத்தமாக இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். பொருளை மாற்றித் தருவீர்களா என்று கேட்பார். இதில் மூன்று பொருந்தினால் கும்பிடு போடு என்றார்.

ஒரு வியாழக்கிழமை, தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண் தனியாக வந்தார். நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன நோட்டில் என்னவோ எழுதினார். சேவியர் எனக்குப் புருவத்தால் சைகை காட்டினார். அவ்வளவுதான். சாதாரணத் தண்ணீர் கொடுத்தேன், எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன், வெளியே ஓடி ஓர் இளநீரும் வாங்கிவந்தேன். அவர் வலது பக்கம் போனால் நானும் வலது பக்கம். பாத்ரூம் எங்கே என்று கேட்டார். கொண்டுபோய் விட்டு, கதவருகே துண்டோடு நின்றேன். அவர் திறந்துகொண்டு வந்தபோது என் முகம்தான் முதலில் தெரிந்திருக்கும். துண்டை வாங்கிக் கை துடைத்தபோது அவருடைய நோட்டு திறந்திருந்தது. 'வெங்காயம் ரெண்டு கிலோ, மாமியாருக்குத் தைலம்' என்று எழுதியிருந்தது.

"எங்க வீட்டுலகூட என்ன யாரும் இப்படிப் பாத்துக்கிட்டதில்லைங்க. கொஞ்சம் பயமா இருக்கு, நான் கெளம்பட்டுமா?"

சம்பந்திக்கு ஒரு பை

ஐந்தாவது மாதம், பாகூர் பக்கத்திலிருந்து விவசாயக் குடும்பத்துக் கணவனும் மனைவியும் வந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். மகளைப் பிரான்சுக் குடும்பத்தில் கொடுக்கிறார்களாம். நிச்சயத்துக்கு வருகிற சம்பந்தி அம்மாளுக்கு, அவர் மெச்சுகிற மாதிரி ஒரு பை வேண்டும். அந்த அம்மாள் தயங்காமல் கடையிலேயே விலை கூடிய பையைக் கையில் எடுத்தார். உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது எங்க செஞ்சதும்மா?" என்று கேட்டார். பிரான்சில் செய்தது என்றேன். "அப்ப அவங்க ஊர்லயே இது கெடைக்குமா?" என்றார்.

நண்பர்களே, இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் ஒரு பக்கமே இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். ஆனால் அவர் கண்ணில் இருந்தது ஆசை இல்லை, மகள் போகிற வீட்டில் தலை குனிந்துவிடக்கூடாதே என்கிற கவலை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். "அவங்க தெருவுலயே கெடைக்கும்மா, இங்கத்து விலைய விடக் கம்மியாவே" என்றேன். அவர் பையை வைத்துவிட்டார். வேறு என்ன கொடுக்கலாம் என்று என்னையே கேட்டார். அரக்கில் பச்சைக் கரை போட்ட பட்டு ஒன்றைச் சொல்லி, என் பழைய கடையில் எந்த மாடி, எந்த மேடை, யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா நீ, வேற கடைக்கு வழி சொல்லி அனுப்பற? அந்தம்மாதான் கம்பெனி அனுப்புன ஆளுன்னு வெச்சிக்க, நீ முடிஞ்ச."

அறிக்கை

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஐந்து மாதத்தில் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருந்தது. ஏழரைக்கு நான் போவேன். யாழினி கணக்கு நோட்டோடு உட்காருவாள், நான் பக்கத்தில் கால் நீட்டி உட்காருவேன். அவள் பல் விழுந்ததை, விழுந்த அன்றே பார்த்தேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அதை இழக்க நான் தயாராக இல்லை.

ஆறாவது மாதம் ஒரு புதன்கிழமை அறிக்கை வந்தது. மதாம் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவர் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேவியர் எடுத்துப் படித்தார். சோதிக்கிற ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வார விடுமுறை. சேவியர் சாப்பிடப் போயிருந்த நேரம். கவனித்தது மதாம். "கண்ணாடி அணிந்த வயதான விற்பனைப் பெண்மணி ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. நான் பார்க்கக் கேட்டது ஒரு பை. அவர் காட்டியது பாரீசில் தாம் வேலை பார்த்த கடையின் போட்டோ. உட்காரவும் சொல்லவில்லை" என்று எழுதி, நூற்றுக்கு நாற்பத்தேழு போட்டிருந்தார். நானும் சேவியரும் சிரிப்பை அடக்கக் கீழே குனிந்து இல்லாத ஊசியைத் தேடினோம். மதாம் திரும்பாமலே பேசினார்.

"நாப்பத்தேழு பரவால்ல. 'வயதான'ன்னு எழுதியிருக்கான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

மதாமின் கால்

என்னைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. இன்னொரு ஆளை அனுப்ப நேரமில்லை, சனிக்கிழமைக்குள் மேனேஜரே முடிவு செய்து சொல்லட்டும் என்று கம்பெனி எழுதிவிட்டது. நாற்பத்தேழு வாங்கிய மேனேஜர் யாருக்கு நல்லது நினைப்பார்? மூன்று நாள் அவர் என்னிடம் வேலை தவிர வேறு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், பாத்ரூமில் போய் ஒரு முறை அழுதேன்.

சனிக்கிழமை மதியம் நல்ல மழை. தெருவில் ஆளில்லை. மதாம் எழுந்து, கைப்பையை மாட்டி, குடையோடு வெளியே போனார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, என்னை முன்பின் பார்த்திராதவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்குச் சோதிக்கிற ஆள் அவரேதான். அவர் மூச்சு விடும்வரை காத்திருந்து, போன்ஜூர் சொல்லி, வணக்கம் சொல்லி, குடையை வாங்கிவைத்தேன். "ஷூ பாக்கணும். எனக்கு நேரமில்ல" என்றார். பாரீசில் இதெல்லாம் பாதி விலை என்றார். இது தோல்தானா என்று முகம் சுளித்தார். நான் எதற்கும் பதில் பேசாமல் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பிறகு உட்கார்ந்தார். இந்த ஆறு மாதத்தில் அவர் அந்த ஹாலில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"முப்பத்தெட்டு" என்று சொல்லிக் கறுப்புக் காலணியைக் கழற்றினார். பாதம் வீங்கியிருந்தது. விரல்களுக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கால் எனக்குத் தெரியும். என் வீட்டில் அதே மாதிரி ஒரு ஜோடி இருக்கிறது, படிக்கிற உங்களிடமும் இருக்கும். உள்ளே போய், குதிகால் தாழ்ந்த மெத்தென்ற காலணியில் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் எடுத்துவந்தேன். எண்ணைச் சொல்லாமல் பெரியதைப் பிரித்து, மண்டியிட்டு, அவர் காலில் மாட்டிவிட்டேன். கண்ணாடிவரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். பட்டுப் பிரிவில் பதினொரு வருஷம் வாய் ஓயாமல் பேசியவள், அந்த ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய வேலை. அவர் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றி, அடியில் இருந்த எண்ணைப் படித்தார். போச்சு, இனிமேல் பத்தரை மணிதான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முப்பத்தி மூணு வருஷமா எல்லாரும் நான் கேட்டதையே குடுத்தாங்க. பெட்டி வேணாம், போட்டுக்கிட்டே போறேன். திங்கக்கெழம உன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன், போ."

கையுறையால் முகத்தைத் தொடக்கூடாது என்பது விதி. தொட்டேன், நன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டேன். மதாம் அதையும் பார்த்தார், புதுக் காலணியோடு தன் அறைக்கு நடந்தார்.

மழையோடு மழையாக ஸ்கூட்டியை விரட்டி ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். யாழினி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஈரத்தோடு அவளைக் கட்டிப்பிடித்து, "அம்மாவுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு, இந்த ஆறு மாசம் மட்டுமில்ல, இனிமே எப்பவுமே நான் ஏழரைக்கே வந்துடுவேன்டி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், முகம் மெல்ல வாடியது.

"எப்பவுமேவா? அப்ப நான் கார்ட்டூன் எப்பம்மா பாக்கறது?"

வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்காமலே கண்டுபிடிக்கிறவள் என்று கடையில் எனக்கு இப்போது நல்ல பேர், வீட்டில் இருக்கிற வாடிக்கையாளரை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.